கசியானோவின் மார்பிலிருந்த அரசாங்கச் சொத்து

புக்காலோமா வெள்ளீயச் சுரங்கத்தில் சுரங்க நோயால் ஒருவர்கூட இறந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை. மார்பு ஆய்வுக் கழகம் சொன்னது, வருடா வருடம் சொன்னது. எங்கள் குடியிருப்பில் ஆண்கள் இறந்தார்கள் என்பதைக் கழகம் மறுக்கவில்லை. ஒருவர் இதயம் நின்று இறந்தார். ஒருவர் சாராயத்தால் இறந்தார். அவர் சுவிசேஷ சபைக்காரர், சாராயத்தை முகர்ந்துகூடப் பார்க்காதவர். இன்னொருவர் மலையின் உயரம் ஒத்துக்கொள்ளாமல் இறந்தார். அவர் அந்த மலையிலேயே பிறந்தவர். காரணங்களைக் கொடுப்பதில் கழகம் ஒருநாளும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

என் கணவர் கசியானோ வில்கா பாறையில் துளை போடுகிற வேலை செய்தார். இயந்திரத்தை மார்போடு அணைத்துப் பிடித்து அழுத்தினால் பாறை தூளாகி நேராக முகத்துக்கு வரும். கூடவே தண்ணீர் பாய்ச்சினால் தூள் அடங்கிவிடும். அதற்கான ரப்பர் குழாய்கள் வாங்குவதாகத்தான் இருந்தது. அந்த வருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அணிவகுப்பு வாத்தியங்கள் முதலில் தேவைப்பட்டன. நான் வெளியே கழிவுமேட்டில் சுத்தியலோடு உட்கார்ந்து, ஆண்கள் எறிந்த கல்லில் மிச்சமிருக்கும் தாதுவை உடைத்துப் பொறுக்குகிறவள். கசியானோ வேலை முடிந்து மேட்டில் ஏறி வரும்போது முன்பெல்லாம் பாடிக்கொண்டு வருவார். பிறகு பேசிக்கொண்டு வந்தார். பிறகு பேசாமல் வந்தார். கடைசியில் பாதி வழியில் கல் மீது உட்கார்ந்து, யாருக்காகவோ காத்திருப்பவர் போல நடிக்க ஆரம்பித்தார்.

"யாருக்குக் காத்திருக்க?" என்று கேட்டேன்.

"மூச்சுக்கு," என்றார். "பின்னால வருது."

கழகம் 'சுரங்க நோய்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அவரை மேலே விளக்குக் கூடத்துக்கு மாற்றுவார்கள். உள்ளே போகிறவர்களுக்கு விளக்கை எடுத்துக் கொடுத்து, வருகிறவர்களிடம் திரும்ப வாங்கி வைக்கும் வேலை. அவர் போய்விட்டாலும் சுரங்கம் கொடுத்த வீடு என்னிடம் இருக்கும். அந்த வார்த்தை இல்லாவிட்டால் அவர் கீழேயே இருக்க வேண்டும், அவர் போன மறுவாரம் நான் வெளியேற வேண்டும். எங்களுக்கு அந்த வார்த்தை வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். கசியானோவின் மார்பு பனி பெய்த மாதிரி வெள்ளையாக இருந்தது. "நிழல்," என்றது கழகம். "நிழலை நம்பி அரசாங்கம் எதுவும் செய்யாது."

அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாகக் கருப்புக் குழாய் வந்தது. அதை மூக்கு வழியாக நுரையீரல்வரை இறக்கி, உப்புத்தண்ணீர் ஊற்றி, திரும்ப உறிஞ்சி எடுத்து, அந்தக் கழுவுநீரில் என்ன மிதக்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல முறைதான் என்று பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். மற்ற ஊர்களில் முதலில் தொண்டையை மரத்துப்போகச் செய்வார்களாம். எங்களுக்கு வந்த மரத்துப்போகும் மருந்து அதிகாரிகளின் பல் வைத்தியத்துக்குப் போய்விட்டது. பதிலுக்குச் சிப்பாய்களைக் கொடுத்தார்கள்.

குழாயின் திறப்பு விழாவில் கழகத்தின் இயக்குநர் கர்னல் டாக்டர் உர்கிதி பேசினார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் இடுப்பில் துப்பாக்கியும் இருந்தன.

"தோழர்களே! இதுவரை தொழிலாளியை வெளியிலிருந்து மட்டுமே பார்த்து வந்தோம். இனி உள்ளிருந்தும் பார்ப்போம். அவருடைய தலைக்குள் என்ன இருக்கிறது என்பதை இன்னொரு இலாகா பார்த்துக்கொள்கிறது. மார்புக்குள் என்ன இருக்கிறது என்பது என் பொறுப்பு!"

வாத்தியங்கள் முழங்கின. கசியானோ கைதட்டினார். கைதட்டியதில் இருமல் வந்து, இருமியதில் சோதனைக்கு முதல் ஆளாகக் கர்னலின் கண்ணில் பட்டார்.

*

என்னை நடைவழியில் உட்காரச் சொன்னார்கள். கதவு பாதி திறந்திருந்தது. நான்கு சிப்பாய்கள் ஆளுக்கொரு கைகாலில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் வேலை பார்த்த சார்ஜண்ட் குழாயைத் திணித்தபடி கத்திக்கொண்டிருந்தார்.

"இருமாத! இருமாதன்னு சொல்றேன்ல! குழாய் ஒடஞ்சா ஒங்கப்பனா வாங்கித் தருவான்?"

நுரையீரலுக்குள் தண்ணீர் போகும்போது மனிதன் என்ன சத்தம் போடுவான் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அடுத்த அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் எழுந்துபோய் வானொலியைக் கூட்டி வைத்தாள்.

முடிந்ததும் கர்னல் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஊத்துனது ஒரு ஜாடி. வந்தது அரை ஜாடி. மிச்சம் எங்க?"

கசியானோவுக்கு மூச்சு திரும்பவே சிறிது நேரம் ஆனது. "எங்கிட்ட இல்லீங்க ஐயா," என்றார்.

"வேற யாருகிட்ட இருக்கு?"

கசியானோ தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பிறகு சட்டைப்பையையும் இழுத்துக் காட்டினார்.

ஊற்றியதில் பாதிதான் திரும்பி வரும், மீதியை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். இது குழாயோடு வந்த விளக்கப் புத்தகத்திலேயே இருந்தது. ஆனால் அது வெளிநாட்டு உடம்புகளுக்கு எழுதப்பட்டது என்பது கர்னலின் முடிவு. "கழகத்தோட திரவத்த நோயாளி வச்சுக்கிட்டாரு," என்று சார்ஜண்டிடம் சொன்னார். "வசூல் பண்ணு."

கசியானோவின் கணுக்காலைக் கட்டிக் கூரை உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு, துப்பாக்கிக் கட்டையால் முதுகில் தட்டினார்கள். கம்பளியைத் தூசு தட்டுவதுபோல முறையாக, மேலிருந்து கீழாகத் தட்டினார்கள். ஒரு விலா முறிந்த சத்தம் நடைவழிவரை கேட்டது. கொஞ்சம் தண்ணீர் வந்தது, கொஞ்சம் ரத்தமும் வந்தது. ரத்தத்தைத் தனியாக வடித்து, "இது ஒன்னோடது, கழகத்துக்கு வேணாம்," என்று சார்ஜண்ட் நேர்மையாகத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ரொட்டிக்கடை. கடைக்காரர் இலாரியோன் எங்கள் மகனுக்கு ஞானத் தகப்பன். மகன் கைக்குழந்தையாகவே ஒரு குளிர்காலத்தில் போய்விட்டான், உறவு மட்டும் நின்றுவிட்டது. அந்த முறையில் அவரும் கசியானோவும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். இலாரியோன் சுரங்க வாயைத் தாண்டி உள்ளே ஒரு அடி வைத்ததில்லை. இருட்டென்றால் அவருக்குப் பயம்.

"என்ன கொம்பாத்ரே, தலைகீழாத் தொங்கவிட்டாங்களாமே? வௌவால் உத்தியோகம் குடுத்துட்டாங்களா?"

"சிரிக்க வைக்காத கொம்பாத்ரே. சிரிச்சா தண்ணி வருது."

"வந்தா இங்க துப்பிடாத. அதுக்கும் கணக்குக் கேப்பானுங்க."

இலாரியோனின் மனைவி நெமேசியா சூடான ரொட்டியைத் துணியில் சுற்றி அவர் விலாவில் வைத்துக் கட்டிவிட்டாள். "தின்னுறாதீங்க, ஒத்தடம்," என்றாள். அவர் வீடு வருமுன்பே தின்றுவிட்டார்.

இரவு முழுவதும் உட்கார்ந்தபடியே இருந்த மனிதர் காலையில் என்னிடம் சொன்னார்: "அவங்க நல்லவங்கதான் பெத்ரோனா. தொங்கவிடும்போது தலை இடிக்காமப் பாத்துக்கிட்டாங்க."

*

கழகம் முடிவுகளை ஒலிபெருக்கியில் அறிவிக்கும். நான் கழிவுமேட்டில் இருந்தேன். "கசியானோ வில்காவின் கழுவுநீரில் தூசி உண்டு," என்றது. பெண்கள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஒலிபெருக்கி மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தது: "தூசியின் பூர்வீகம் விசாரணையில் உள்ளது."

எங்களைக் கூப்பிட்டு விட்டார்கள்.

"தூசி எல்லா எடத்துலயும் இருக்கு," என்றார் கர்னல். "ரோட்டுல இருக்கு. ஒங்க வீட்டு அடுப்புல இருக்கு. கார்னிவல் திருவிழாவுக்கு மூஞ்சில மாவு பூசிக்கிறீங்க. இது சுரங்கத்துத் தூசின்னு என்ன அத்தாட்சி?"

"நான் சுரங்கத்துலதாங்க வேலை பாக்கறேன்," என்றார் கசியானோ.

"அது ஒன்னோட வாதம்."

தூசியின் ஊரைக் கண்டுபிடிக்கும் வசதி கழகத்தில் இல்லை. அதனால் ஜாடியைச் சுரங்கத்தின் தாதுச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே எது வந்தாலும் ஒரே சோதனைதான்: இதில் வெள்ளீயம் எவ்வளவு? கல் வந்தாலும் அதுதான், சேறு வந்தாலும் அதுதான், என் கணவரின் நெஞ்சு வந்தாலும் அதுதான்.

மறுநாள் தலைமைப் பொறியாளரே எங்கள் வீட்டுக்கு வண்டியில் வந்தார். அவர் எங்கள் குடியிருப்புக்குள் வந்தது அதுவே முதல் தடவை. கசியானோவைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, சுரங்கச் சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல் முட்டியால் மார்பை அங்கங்கே தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"அருமை," என்றார். "இப்ப நாங்க வெட்டுற பாறையவிட இது தரம் ஜாஸ்தி. இப்பிடி ஒரு சரக்கப் பாத்து எவ்வளவு காலமாச்சு!"

கசியானோவுக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை. "அப்ப சுரங்கத்துத் தூசிதானுங்களே? மேல வேலை குடுத்துருவாங்களா ஐயா?"

பொறியாளர் சட்டையை அவரிடம் நீட்டினார். கண்ணைப் பார்க்கவில்லை. "கர்னல் ஒன்ன வரச் சொன்னாரு," என்றார்.

கழகத்தின் பெரிய அறையில் கர்னல் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் உள்ளே போனதும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"கசியானோ வில்கா! உன் மார்பில் உள்ள தாது புக்காலோமாச் சுரங்கத்தினுடையது என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது."

"நன்றிங்க ஐயா."

"அதை நீ வாசல் சோதனையில் காட்டாமல், வருடக்கணக்காக, வேலை முடிந்து போகும்போதெல்லாம் வெளியே கடத்தியிருக்கிறாய்."

இருட்டிய பிறகு சுரங்கத்துக்குள் நுழைந்து தாது திருடுகிறவர்களை எங்கள் பக்கம் ஆந்தை என்பார்கள். பிடிபட்டால் உயிரோடு போலீசுக்குப் போவது அபூர்வம். சார்ஜண்ட் காறித் துப்பி, "ஆந்தைப் பய," என்றார்.

"ஐயா, நான் எடுக்கலீங்க. அதுவா உள்ள வந்துச்சு," என்றார் கசியானோ.

"பூமிக்கு அடியில இருக்கிற தாது யாருக்குச் சொந்தம்? அதச் சொல்லு மொதல்ல."

இந்த இடத்தில்தான் கசியானோ உண்மையைச் சொன்னார். புக்காலோமாவில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரிந்த உண்மை.

"மாமாவுக்குங்க."

சுரங்கத்துக்குள் ஒவ்வொரு மட்டத்திலும் களிமண்ணால் செய்த, கொம்பு வைத்த ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரைத்தான் மாமா என்போம். வானத்துக்குக் கீழே இருப்பது கடவுளுக்கு, பாறைக்குக் கீழே இருப்பது மாமாவுக்கு. வாயில் சிகரெட் செருகி, மடியில் மெல்லுவதற்குக் கோக்கா இலை வைத்துவிட்டுத்தான் ஆண்கள் பாறையைத் தொடுவார்கள். கர்னல் தலைநகரத்துக்காரர்.

"எந்த மாமா? பேரு என்ன?"

"பேரு கிடையாதுங்க. மாமாதான்."

"எங்க இருக்கான்?"

"கீழதாங்க. எப்பவும் கீழதான் இருப்பாரு. வெளிய வரமாட்டாரு."

"தலைமறைவு," என்றார் கர்னல் சார்ஜண்டிடம். "ஒங்கிட்ட என்ன வாங்குறான்?"

"சிகரெட்டு, சாராயம். வெள்ளிக்கிழமையானா கோக்கா."

"எத்தன வருஷப் பழக்கம்?"

"எங்கப்பாவுக்கும் பழக்கங்க. எங்க தாத்தாவுக்கும் பழக்கம்."

கர்னல் நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்தார். அவர் முகத்தில் ஒரு பெரிய சதியைக் கண்டுபிடித்தவரின் நிம்மதி இருந்தது. நான் குறுக்கே புகுந்து, "ஐயா, மாமான்னா மனுசன் இல்லீங்க, அது சிலை," என்றேன். கூட்டாளியைக் காப்பாற்றப் பார்ப்பதாகச் சொல்லி என்னை முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். கதவுக்குப் பின்னால் விசாரணை தொடர்ந்தது. கசியானோ அன்றைக்கு முன்பற்களை இழந்தார். பற்கள் போன பிறகு அவர் சொல்வது சரியாகப் புரியவில்லை என்று சார்ஜண்டுக்குக் கோபம் வந்து, புரியும்படிச் சொல்லச் சொல்லி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார், மடங்காத பக்கமாக.

*

மாமாவைப் பிடிக்கச் சிப்பாய்கள் விலங்கோடு கீழே போனார்கள். சமவெளிப் பையன்கள், அதுவரை சுரங்கத்துக்குள் போகாதவர்கள். களிமண் மணிக்கட்டு தடியாக இருந்ததால் விலங்கு பூட்டவில்லை. கயிற்றால் கட்டி மேலே ஏற்றினார்கள், ஏற்றும்போது ஒரு கொம்பு உடைந்தது. லாரியில் வைத்துக் குடியிருப்பு முழுவதும் ஊர்வலம் கொண்டுபோனார்கள். ஒலிபெருக்கி, "தாதுக் கொள்ளைக் கும்பலின் தலைவன் சிக்கினான்!" என்றது. மாமாவின் வாயில் யாரோ காலையில் வைத்த சிகரெட் அப்படியே இருந்தது. வெளிச்சத்தில் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. பெண்கள் முந்தானைக் கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டோம். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"சிலைதானே இது?" என்று கர்னலிடம் பொறியாளர் தயங்கித் தயங்கிக் கேட்டாராம்.

"வேஷம்," என்றாராம் கர்னல். அறிவித்த கைதை வாபஸ் வாங்கும் வழக்கம் ராணுவத்தில் இல்லை.

கழக முற்றத்தில் மாமாவை விசாரித்தார்கள். அவர் வாக்குமூலம் தர மறுத்தார். அடித்தார்கள்; சத்தமே வரவில்லை. பிறகு அவருடைய மார்பையும் கழுவிப் பார்க்க முடிவாயிற்று. வாயில் குழாயை வைத்துத் தண்ணீரைத் திறந்தார்கள். முதலில் தாடை போயிற்று, பிறகு மூக்கு, பிறகு முகமே வழிந்து மடியில் விழுந்தது. கரைந்துபோனது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

மறுநாள் காலையில் வேலைக்கு அழைக்கும் சங்கு ஊதியது. யாரும் போகவில்லை. மறுபடி ஊதியது. மாமா இல்லாத பாறைக்குள் யார் போவார்கள்? சுரங்கம் நின்றது. தலைநகரத்திலிருந்து கர்னலுக்குத் தொலைபேசி வந்தது. அவர் கையில் ரிசீவரை வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார் என்று தட்டச்சுப் பெண் சொன்னாள். மாலைக்குள் வழக்கை முடி என்று உத்தரவாம்.

கர்னல் வழக்கை முடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். திருட்டுப் பொருள் முழுவதையும் மீட்டு அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டால் வழக்கு இல்லை. வழக்கு இல்லாவிட்டால் வேலைநிறுத்தத்துக்குக் காரணம் இல்லை. அதாவது கசியானோவின் மார்பைத் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுவது.

கசியானோவைப் பார்க்க என்னை உள்ளே விட்டார்கள். கட்டிலில் கட்டப்பட்டிருந்தார். முகம் வீங்கி வேறு யாரோ போல இருந்தது. குரலை வைத்துத்தான் நம்பினேன்.

"பெத்ரோனா, இன்னிக்கு முழுசாக் கழுவிருவாங்களாம்."

"பேசாத. மூச்ச மிச்சம் பிடி."

"எனக்கு ஒரே யோசனையா இருக்கு." அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மேட்டு வழியில் கல் மீது உட்கார்வதுபோல் நின்று நின்று பேசினார். "எல்லாத்தையும் எடுத்துட்டா, அப்புறம் சுரங்க நோயின்னு எப்பிடிச் சொல்லுவாங்க? வீடு போயிரும்ல? கர்னலய்யாகிட்ட சொல்லு. கொஞ்சம் விட்டு வைக்கச் சொல்லு."

நான் கர்னலிடம் போய்ச் சொன்னேன். மண்டியிட்டுச் சொன்னேன். "கொஞ்சம் விட்டு வைங்க ஐயா."

"அம்மா," என்றார் அவர் அன்போடு, "அரசாங்கச் சொத்துல கொஞ்சம்னு ஒண்ணு கிடையாது."

ஜாடி ஜாடியாக ஊற்றினார்கள். முதலில் சாம்பல் நிறமாக வந்தது, பிறகு சிவப்பாக, பிறகு வெளிர் சிவப்பாக. கட்டில் கால்கள் தரையில் அடித்துக்கொண்ட சத்தம் குறைந்துகொண்டே வந்தது. தண்ணீர் தெளிவாக வந்தபோது சத்தம் இல்லை.

ஒலிபெருக்கி அறிவித்தது: "கசியானோ வில்கா நீரில் மூழ்கி மரணம். மார்பு பரிசோதிக்கப்பட்டது, தூசி இல்லை, நோய் இல்லை. இறக்கும்போது பூரண ஆரோக்கியத்துடன் இருந்தார்."

புக்காலோமாவில் ஆறு கிடையாது, குளம் கிடையாது. ஒரு வாளி தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற ஊர்.

*

கதவு ஒன்றைக் கழற்றி அதன்மேல், அவர்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்த கசியானோவைக் கிடத்தி, திரும்பக் கழகத்துக்கே தூக்கிப் போனோம். முன்னால் கழிவுமேட்டுப் பெண்கள், சுத்தியலோடு. பின்னால் ஆண்கள், சிலர் இடுப்பில் டைனமைட் துண்டு. இலாரியோன் அடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாவுத் துணியோடு வந்து கதவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

"சுரங்கம்னு சொல்லு!" என்று கத்தினோம். "சுரங்கம்தான் கொன்னுச்சுன்னு சொல்லு!"

கர்னல் மாடிக்கு வந்து ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"தாய்மார்களே! உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறேன். ஆனால் விஞ்ஞானத்தைக் கூட்டம் கூட்டி மிரட்ட முடியாது! அந்த மார்பை என் கையாலேயே கழுவினேன். அதைவிடச் சுத்தமான மார்பு இந்த நாட்டில் இல்லை. இதற்காக நீங்கள் கழகத்துக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்!"

"கர்னலய்யா!" என்று இலாரியோன் கீழேயிருந்து கத்தினார். "அவ்வளவு சுத்தம்னா, ஏன் மூச்சு விடமாட்டேங்குறான்?"

சிரிப்பு எழுந்தது. அப்படி ஒரு நேரத்தில் சிரித்தோம். கர்னலால் எதையும் தாங்க முடியும், அதைத் தாங்க முடியவில்லை. கையைக் காட்டினார்.

முதல் குண்டு இலாரியோனின் நெஞ்சில். மாவுத் துணியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை கிளம்பியது, அதற்குப் பிறகுதான் சிவப்பு வந்தது. கதவின் அந்த முனை தாழ்ந்து கசியானோ சரிந்தார். நெமேசியா கணவனைப் பிடிப்பதா கொம்பாத்ரேயைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் கை நீட்டியபடி நின்றாள். என் பக்கத்தில் சுத்தியலோடு நின்ற பெண்ணுக்குத் தாடை இல்லாமல் போயிற்று. யாரோ எறிந்த டைனமைட் கழக வாசலை எடுத்துக்கொண்டு போனது. இரண்டு சிப்பாய்கள் அதோடு போனார்கள், சமவெளிப் பையன்கள். மற்றவர்கள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். என் கணவர் ஏற்கனவே இறந்தவர் என்பதைச் சொல்ல யாருக்கும் அவகாசம் இல்லை. அவர் மேலும் குண்டுகள் விழுந்தன. ஒன்று என் தோளைத் துளைத்துக்கொண்டு போயிற்று.

*

குழாயை அன்பளிப்பாகத் தந்த வெளிநாட்டுக்காரர்கள் அந்த வாரம் பார்வையிட வருவதாக இருந்தது. முற்றத்தில் பிணங்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஓட்டை இருந்தது. தலைநகரம் மறுபடி தொலைபேசியில் கூப்பிட்டது. ராணுவம் சுட்டு யாரும் சாகவில்லை என்று தலைநகரம் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. எதனால் செத்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கழகத்துக்கு விட்டது.

கழகம் கண்டுபிடித்தது.

மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி ஒலிபெருக்கியைக் கேட்டேன். இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அந்த வார்த்தை வந்தது. முற்றிய சுரங்க நோய். முற்றிய சுரங்க நோய். தாடை போன பெண்ணுக்கு, முற்றிய சுரங்க நோய். இலாரியோனுக்கு, இருட்டுக்குப் பயந்து சுரங்கத்துக்குள் ஒரு அடி வைக்காதவருக்கு, முற்றிய சுரங்க நோய். மார்பில் ஏற்பட்ட துளை, அந்த நோயின் கடைசிக் கட்டத்தில் வருவதாம். டைனமைட்டில் போன சிப்பாய்களுக்கும் அதுவே. எல்லோர் குடும்பத்துக்கும் சலுகை உண்டு. வெளிநாட்டுக்காரர்கள், இவ்வளவு நோயாளிகளை இவ்வளவு துல்லியமாகக் கண்டறிந்ததற்காகக் கர்னலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கழகத்துக்கு இன்னொரு குழாய் தருவதாகவும் சொன்னார்கள்.

கசியானோவின் பெயர் வரவில்லை.

தோளில் கட்டோடு கழகத்துக்குப் போனேன். வாசல் இருந்த இடத்தில் தார்ப்பாய் தொங்கியது. கர்னல் என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

"ஐயா, அவரு பேரையும் சேருங்க. அவரு மேலயும் குண்டு பட்டிருக்கு. நெஞ்சுலதான் பட்டிருக்கு."

கர்னல் உண்மையிலேயே வருத்தப்பட்டார். பொய்யான வருத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை.

"பட்டிருக்குங்கம்மா, நானே பாத்தேன். ஆனா அது செத்ததுக்கு அப்புறம் பட்டது. செத்தவங்களுக்கு நோய் வராது. விஞ்ஞானம் அப்பிடி இருக்கு, நான் என்ன பண்ணட்டும்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தாருன்னா, மத்தவங்களோட சேத்து நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். பாவம், அவசரப்பட்டுட்டாரு."

"அவரு அவசரப்படலீங்க," என்றேன். "வருஷக்கணக்கா, நின்னு நின்னு, ரொம்ப மெதுவாத்தான் செத்தாரு. ஒங்க கண்ணு முன்னாலதான்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டைக் காலி செய்யச் சனிக்கிழமை லாரி அனுப்புவதாகவும், அந்த லாரிக்கு நான் எதுவும் தர வேண்டியதில்லை என்றும், அது கழகத்தின் செலவு என்றும் சொன்னார்.

தார்ப்பாயைத் தாண்டும்போது எனக்கு இருமல் வந்தது. கழிவுமேட்டுக் கல்லும் தூள் இல்லாமல் உடைவதில்லை. அங்கே காவல் நின்ற சிப்பாய், புது ஆள், வந்து இரண்டு மூன்று நாள்தான் இருக்கும், ஒரு எனாமல் கிண்ணத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"புது உத்தரவும்மா. வெளிய போறவங்க இதுல துப்பிட்டுத்தான் போகணும். உள்ள இருக்கிறது அரசாங்கத்தோடதாம்."

வாய் நிறைய இருந்தது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினேன்.